நைட் ஷிப்டில் கண் சொக்குகிறதா? டீ, குட்டித்தூக்கம், மோடாஃபினில், ஆர்மோடாஃபினில்: யாருக்கு எது

ராத்திரி எட்டரை மணிக்குமேல் வேலூரில் உள்ள எங்கள் மருந்துக் கடையில் ஒரு தனிக் கூட்டம் சேரும். ராணிப்பேட்டை சிப்காட்டுக்குக் கம்பெனி பஸ் பிடிக்கப் போகிறவர்கள், ஆஸ்பத்திரி நைட் டூட்டிக்குக் கிளம்பிய நர்ஸுகள், பெங்களூரு ரோட்டில் வண்டியை ஓரங்கட்டிவிட்டு வரும் டிரைவர்கள். தலைவலி மாத்திரையும் கேஸ் மாத்திரையும் வாங்கி முடித்துவிட்டு, கிளம்புகிற நேரத்தில் குரலைத் தாழ்த்தி ஒரு கேள்வி வரும். "அண்ணா, தூக்கமே வராம இருக்கறதுக்கு ஒரு மாத்திர கீதாமே, அதுல ஒரு அட்டை குடுங்கண்ணா."

டாக்டர் சீட்டு இல்லாமல் அதைக் கொடுக்கக்கூடாது, நாங்கள் கொடுப்பதும் இல்லை. ஆனால் இல்லை என்று சொல்லிவிட்டால் அந்த ஆளின் பிரச்சினை தீர்ந்துவிடுமா? அவர் இன்னும் ஒரு மணி நேரத்தில் கட்டிங் மெஷின் முன்னால் நிற்கப்போகிறார், அல்லது பள்ளிகொண்டா டோல்கேட்டைத் தாண்டி விடிய விடிய லாரி ஓட்டப்போகிறார். அந்த மாத்திரையில் மோடாஃபினில், ஆர்மோடாஃபினில் என்று இரண்டு உண்டு என்பதால் சீட்டோடு வருகிறவர்களுக்கும் குழப்பம்தான். "எனக்கு ஆர்மோடாஃபினில்னு எழுதிக்கிறாரு, என் ஃபிரண்டு மோடாஃபினில் சாப்பிடறான், எதுண்ணா நல்லது?" இருபது வருடமாகக் கவுண்டரில் நின்று வாயால் சொன்னதை ஒருமுறை எழுதிவைக்கிறேன். நான் மருந்தாளுநர், டாக்டர் இல்லை. இதைப் படித்துவிட்டு டாக்டரிடம் சரியான கேள்வி கேட்க முடிந்தால் எனக்குப் போதும்.

## முதலில் அளவுகோல்

எந்த வழியானாலும் நான்கு கேள்விகளை வைத்து எடை போடுகிறேன்.

ஒன்று, தூக்கம் ஏன் வருகிறது? நேற்று தூங்காததால் வரும் தூக்கம் வேறு. எட்டு மணி நேரம் தூங்கியும் வரும் தூக்கம் வேறு. நன்றாகத் தூங்கியும் நள்ளிரவு மூன்று மணிக்கு உடம்பின் கடிகாரம் இழுத்துச் சாய்க்கும் தூக்கம் வேறு.

இரண்டு, காலைத் தூக்கத்தை அது என்ன செய்யும்? எனக்கு இதுதான் முக்கியமான கேள்வி. வேலூரில் நைட் ஷிப்ட் முடித்து வருகிறவருக்குத் தூங்கக் கிடைப்பது காலை ஏழு மணியிலிருந்து பன்னிரண்டு வரைக்கும் உள்ள ஐந்து மணி நேரம்தான். அதற்குமேல் சிமெண்ட் ஷீட் போட்ட வீட்டில் படுத்திருக்க முடியாது. கத்திரி வெயிலில் 40 டிகிரியைத் தாண்டும் ஊர் இது. மதியம் ஒரு மணிக்கு மின்விசிறி அனல்காற்றைத்தான் இறக்கும். அந்த ஐந்து மணி நேரத்தில் எதெல்லாம் கைவைக்கிறதோ அதெல்லாம் விலை அதிகமான வழி, மாத்திரையின் விலை எவ்வளவாக இருந்தாலும்.

மூன்று, நீங்கள் ஏற்கெனவே சாப்பிடும் மருந்துகளோடு அது எப்படி நடந்துகொள்ளும்?

நான்கு, தவறிப்போனால் எவ்வளவு தூரம் தவறும்? டீ அதிகமானால் நெஞ்சு படபடக்கும், அவ்வளவோடு நிற்கும். சில மருந்துகளில் அப்படி நிற்காது.

## டீ, காபி

பகலெல்லாம் விழித்திருக்கும்போது மூளையில் அடினோசின் என்ற பொருள் சேர்ந்துகொண்டே வரும். தூக்கத்தை அழுத்திக் கொண்டுவருவது அதுதான். காஃபின் அது போய் உட்காரும் இடத்தில் தான் போய் உட்கார்ந்துகொள்கிறது. அடினோசின் குறைவதில்லை, வாசலில் காத்திருக்கிறது. காஃபின் எழுந்து போனதும் மொத்தமாக உள்ளே வரும். அதனால்தான் ரெண்டு மணிக்குக் குடித்த டீ நாலரை மணிக்குக் காலை வாரிவிடுகிறது.

பதினைந்து நிமிடத்திலிருந்து முக்கால் மணி நேரத்துக்குள் வேலை தொடங்கும். பாதி அளவு உடலை விட்டுப் போகச் சுமார் ஐந்து மணி நேரம் பிடிக்கும். கருத்தடை மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் அதைவிட நெடுநேரம். ஆரோக்கியமான பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 400 மி.கி. வரை பாதகமில்லை, கர்ப்பிணிகளுக்கு 200 மி.கி.க்குள் என்பதுதான் பொதுவாகச் சொல்லப்படும் வரம்பு. கடை டீயில் டிக்காஷன் எவ்வளவு தடிப்பு என்பதைப் பொறுத்து அளவு மாறும்.

வெளியில் தெரியாத செலவு சர்க்கரை. ராத்திரியில் ஆறு டீ, டீக்கு இரண்டு ஸ்பூன் என்றால் பன்னிரண்டு ஸ்பூன். சுகர் இருப்பவர் இதைக் கணக்கில் எடுப்பதே இல்லை. இன்னொன்றைப் பெண்கள் கவனிக்க வேண்டும். சாப்பாட்டோடு சேர்த்துக் குடிக்கும் டீ, உணவிலுள்ள இரும்புச் சத்து உடலில் சேர்வதைக் குறைக்கும். ரத்தசோகையால் வரும் அசதியைப் போக்க டீ குடித்து, அந்த டீயாலேயே ரத்தசோகை தீராமல் இருப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்துக் குடியுங்கள்.

காலை ஏழு மணிக்குத் தூங்க வேண்டியவர் கடைசி டீயை ஒரு மணிக்குள் முடித்துவிட வேண்டும். படுப்பதற்கு ஆறு மணி நேரம் முன்பு 400 மி.கி. காஃபின் கொடுத்துப் பார்த்த 2013-ஆம் ஆண்டு ஆய்வில், தூக்கம் ஒரு மணி நேரத்துக்குமேல் குறைந்தது. தூங்கியவர்களுக்கே அது சரியாகத் தெரியவில்லை. ஐந்து மணி நேரத்தில் ஒரு மணி போனால் மிச்சம் நாலு.

யாருக்குப் பொருத்தம்: எப்போதாவது ஒரு வாரம் நைட் ஷிப்ட் வருகிறவர்கள், மற்றபடி உடம்பில் எதுவும் இல்லாதவர்கள்.

## குட்டித்தூக்கம்

யாரும் மதிக்காத வழி. எனக்கு மிகவும் நம்பிக்கையுள்ள வழியும் இதுதான். மேலே சொன்ன அடினோசினை உண்மையாகக் குறைப்பது தூக்கம் ஒன்றுதான், மாத்திரையோ டீயோ அல்ல.

அமெரிக்காவின் நாசா, நெடுந்தூர விமானிகளுக்கு விமானத்திலேயே முறைபோட்டு நாற்பது நிமிடம் ஓய்வு கொடுத்துப் பார்த்தது. அவர்கள் சராசரியாக 26 நிமிடம் தூங்கினார்கள். ஓய்வு கிடைக்காதவர்களைவிடத் தரையிறங்கும் நேரத்தில் தெளிவாக இருந்தார்கள். பிரிட்டனில் டிரைவர்களிடம் 1997-இல் செய்த சோதனையில், காஃபின் குடித்த கையோடு கால் மணி நேரத்துக்குள் ஒரு குட்டித்தூக்கம் போட்டால் இரண்டும் சேர்ந்து நன்றாக வேலை செய்தது. காரணம் எளிது. டீ குடித்ததும் படுத்தால், டீ வேலை தொடங்கும் நேரத்தில் எழுந்துவிடலாம்.

லாரி டிரைவர்களுக்கு நான் சொல்வது இதைத்தான். வாலாஜாவுக்குப் பக்கத்தில் வெளிச்சமுள்ள பெட்ரோல் பங்கில் வண்டியை நிறுத்தி, ஒரு டீ குடித்து, செல்போனில் இருபது நிமிடம் அலாரம் வைத்து சீட்டில் சாயுங்கள். இருபதை நாற்பது ஐம்பதாக்க வேண்டாம். ஆழ்ந்த தூக்கத்தில் எழுந்தால் கொஞ்ச நேரம் தலை கனத்துக் கிடக்கும். எழுந்ததும் முகம் கழுவிப் பத்து நிமிடம் நடந்துவிட்டு ஸ்டியரிங்கைப் பிடியுங்கள்.

கம்பெனியில் படுக்க இடம் இல்லை, சூப்பர்வைசர் விடமாட்டார் என்பார்கள். உண்மைதான். அப்படியானால் ஷிப்டுக்கு முன்னால், மாலை ஆறரையிலிருந்து எட்டு வரை வீட்டில் ஒரு தூக்கம் போடுங்கள். வெயில் தணிந்த நேரம், வேலூரில் காலைக்கு அடுத்தபடி தூக்கத்துக்கு ஏற்ற நேரமும் அதுதான். கல்யாணம், காதுகுத்து, பக்கத்து வீட்டு டி.வி. எல்லாம் அதே நேரத்தில்தான் வரும் என்பது இதன் மறைவான செலவு. வீட்டில் ஒருவர் காவல் நிற்காமல் இது நடக்காது.

காலைத் தூக்கத்துக்கும் சில ஏற்பாடுகள் வேண்டும். வீடு திரும்பும்போது கருப்புக் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். வெளிச்சம் கண்ணில் பட்டால் உடம்பு பொழுது விடிந்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளும். வந்ததும் டிபன், குளியல், உடனே படுக்கை. மார்க்கெட் போய்விட்டு, பிள்ளையை ஸ்கூலில் விட்டுவிட்டுப் பத்து மணிக்குப் படுத்தால் இரண்டு மணி நேரத்தில் வெயில் எழுப்பிவிடும். ஜன்னலுக்குக் கெட்டியான போர்வை, செல்போன் அடுத்த அறையில்.

## மோடாஃபினில்

பிரான்சில் கண்டுபிடிக்கப்பட்ட மருந்து. அமெரிக்காவில் 1998-இல் நார்கோலெப்ஸிக்கு அனுமதி கிடைத்தது. பேசிக்கொண்டிருக்கும்போதே, சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே தூக்கத்தில் விழும் நோய் அது. 2004-இல் இரண்டு காரணங்கள் சேர்ந்தன. ஒன்று ஷிப்ட் வேலையால் வரும் தூக்கக் கோளாறு. இன்னொன்று, தூக்கத்தில் மூச்சு அடைபடும் நோய்க்குக் காற்றழுத்த மெஷின் வைத்துக்கொண்ட பிறகும் மிஞ்சும் பகல் தூக்கம். ஐரோப்பிய மருந்து முகமை 2010-இல் இதை மறுபடி ஆராய்ந்து, மனநலம், தோல் பற்றிய பக்க விளைவுகளைப் பார்த்து, நார்கோலெப்ஸிக்கு மட்டும் போதும், மற்றவற்றுக்கு நன்மையைவிட ஆபத்து கூடுதல் என்று பரிந்துரைத்தது. ஒரே மருந்து, ஒரே தகவல்கள், ஷிப்ட் வேலை விஷயத்தில் இரண்டு கண்டங்களில் இரண்டு முடிவு. இது சாதாரண மாத்திரை இல்லை என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

எவ்வளவு வேலை செய்யும் என்பதில்தான் எதிர்பார்ப்பு எல்லை மீறிப் போயிருக்கிறது. ஷிப்ட் வேலையால் தூக்கக் கோளாறு வந்த 209 பேரிடம் செய்த பெரிய ஆய்வு 2005-இல் வெளியானது. ராத்திரியில் படுக்கவைத்து எத்தனை நிமிடத்தில் தூங்குகிறார்கள் என்று அளந்தார்கள். மருந்துக்கு முன் 2.1 நிமிடம், 200 மி.கி. மோடாஃபினிலுக்குப் பின் 3.8 நிமிடம். ஐந்து நிமிடத்துக்குள் தூங்கினாலே அது கடுமையான தூக்க நிலை. அதாவது மாத்திரை சாப்பிட்டவரும் தூக்கக் கலக்கத்தில்தான் இருந்தார், கொஞ்சம் குறைவான கலக்கத்தில். பலன் இல்லை என்று சொல்லவில்லை. வீடு திரும்பும் வழியில் விபத்தோ மயிரிழையில் தப்பியதோ நடந்தது என்று சொன்னவர்கள் மருந்தே இல்லாத வெற்று மாத்திரை கொடுத்த குழுவில் 54 சதவீதம், மருந்துக் குழுவில் 29 சதவீதம். அது உயிர் காக்கும் வித்தியாசம். ஆனால் அந்த 29-ஐயும் பாருங்கள். மாத்திரை போட்டிருக்கிறேன், இனி பயமில்லை என்று ஆக்சிலேட்டரை மிதிக்கிறவர் அந்தக் கணக்கில்தான் வருவார்.

இனி நேரக் கணக்கு. சாப்பிட்ட 2 முதல் 4 மணி நேரத்தில் ரத்தத்தில் உச்ச அளவுக்கு வரும். வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுப் போட்டால் ஒரு மணி நேரம் தள்ளிப்போகும். மாத்திரை வேலை செய்யவில்லையே என்று இன்னொன்று போடுகிறவர்கள் பெரும்பாலும் பிரியாணிக்குப் பின் போட்டவர்கள். பாதி அளவு வெளியேற 12 முதல் 15 மணி நேரம் ஆகும். ராத்திரி ஒன்பது மணிக்குப் போட்டால் மறுநாள் காலை ஒன்பதிலிருந்து பன்னிரண்டுக்குள்தான் பாதி குறைகிறது. நீங்கள் தூங்க வேண்டிய ஐந்து மணி நேரம் முழுக்க அது உள்ளே இருக்கிறது. எல்லோருக்கும் தூக்கம் கெடும் என்றில்லை. ஆனால் கெடுகிறவர்களுக்கு வாரக் கடைசியில் ஏறியிருக்கும் தூக்கக் கடனை மாத்திரையே மறைத்தும் வைக்கும்.

பக்க விளைவுகளில் முதலில் நிற்பது தலைவலி. மருந்துச் சோதனைகளில் சுமார் மூன்றில் ஒருவருக்கு வந்தது. வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களில் நாலில் ஒருவருக்குக் கொஞ்சம் குறைவாக வந்தது. பிறகு குமட்டல், வாய் உலர்வது, படபடப்பு, பதற்றம், பசி குறைவது, தூக்கமின்மை. பி.பி. ஏறலாம். பி.பி. மாத்திரை புதிதாகத் தேவைப்பட்டவர்கள், அளவு கூட்டப்பட்டவர்கள் மருந்துக் குழுவில் அதிகம். வெயில் காலத்தில் தண்ணீர் குறைந்து வரும் தலைவலியும் இதன் தலைவலியும் ஒன்றுபோலவே இருக்கும். ராத்திரி முழுக்கத் தண்ணீர் குடித்தும் விடாத தலைவலி என்றால் பி.பி. பாருங்கள்.

அரிதானது, ஆனால் விட்டுவிடக் கூடாதது தோல் தடிப்பு. தொடங்கிய முதல் சில வாரங்களில் உடம்பில் தடிப்பு, வாயில் புண், கண் சிவப்பு, கொப்புளம், காய்ச்சல், முகம் வீங்குவது இவற்றில் எது வந்தாலும் அடுத்த மாத்திரை கிடையாது. அன்றைக்கே ஆஸ்பத்திரி. ஸ்டீவன்ஸ்-ஜான்சன் என்ற கடுமையான தோல் நோயாக மாறலாம். பிள்ளைகளின் கவனக் குறைவுக்கு இதைக் கொடுக்க அமெரிக்காவில் அனுமதி மறுக்கப்பட்டதற்கும் அந்த நோய்தான் காரணம். மனப் பக்கமும் உண்டு. இல்லாத குரல் கேட்பது, காரணமில்லாத சந்தேகம், அளவுக்கு மீறிய உற்சாகம், உயிரை விடும் எண்ணம் வந்தால் வீட்டில் உள்ளவர்கள் அழைத்துப் போக வேண்டும், ஏனென்றால் சாப்பிடுகிறவருக்கே அது தெரியாமல் போகலாம்.

### மற்ற மருந்துகளோடு

இதை நான் சற்று அழுத்திச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்தச் செலவை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை.

ஒரு நர்ஸ் சீட்டோடு வந்தார். மோடாஃபினிலோடு அவர் வழக்கமாக வாங்கும் கருத்தடை மாத்திரையையும் கேட்டார். இரண்டு அட்டையையும் கவுண்டரில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தபோதுதான் எனக்குக் கை நின்றது. கல்லீரலில் சில நொதிகளை மோடாஃபினில் முடுக்கிவிடும். கருத்தடை மாத்திரையை உடல் வேகமாகக் கரைத்துவிடும். மருந்து சாப்பிடும் காலத்திலும், நிறுத்தியபின் குறைந்தது ஒரு மாதத்துக்கும் அதை நம்பக்கூடாது. சில நாடுகளில் இரண்டு மாதம் என்கிறார்கள். அவசரக் கருத்தடை மாத்திரைக்கும் இதே கதி. காப்பர்-டி, ஆணுறை பாதிக்கப்படாது. மருந்தைக் கையாளும் தொழிலில் இருக்கும் அவருக்கே இது புதுச் செய்தியாக இருந்தது. டாக்டருக்குப் போன் போட்டுப் பேசிவிட்டுத்தான் வாங்கிப் போனார். கர்ப்ப காலத்தில் இந்த மருந்து கூடாது. குழந்தைக்குப் பிறவிக் குறைபாடு வரும் வாய்ப்பு பற்றி கனடா, பிரிட்டன் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்புகள் 2019 முதல் எச்சரித்திருக்கின்றன.

கிட்னி மாற்று செய்தவர்கள் நம் ஊரில் அதிகம். நாட்டின் முதல் வெற்றிகரமான சிறுநீரக மாற்று 1971-இல் வேலூர் சி.எம்.சி.யில்தான் நடந்தது. மாற்று உறுப்பை உடம்பு தள்ளிவிடாமல் காக்கும் சைக்ளோஸ்போரின் இந்த ஊர் மருந்துக் கடைகளுக்குப் பழகிய பெயர். மோடாஃபினில் அதன் அளவைக் குறைத்துவிடும். மாற்று உறுப்பையே இழக்கும் ஆபத்து அது. வலிப்புக்கு ஃபெனிடோயின், ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடுகிறவர்களுக்கும் அளவைப் பரிசோதித்துக்கொண்டே போக வேண்டும்.

கடைசியாக, ராத்திரி விழிக்க ஒரு மாத்திரை, காலையில் தூங்க ஒரு மாத்திரை என்று ஓட்டுகிறவர்கள். தூக்கத்துக்கு டயஸெபாம் சாப்பிட்டால், அது உடலை விட்டுப் போவதை மோடாஃபினில் தாமதப்படுத்தும். தூக்க மாத்திரையின் மயக்கம் அடுத்த ஷிப்ட் வரை நீளும். அதை எதிர்க்க இன்னும் ஒரு விழிப்பு மாத்திரை. இந்தச் சுழலில் சிக்கியவரை வெளியே கொண்டுவர டாக்டருக்கே மாதக் கணக்காகும்.

## ஆர்மோடாஃபினில்

மோடாஃபினில் என்பது இடது கை, வலது கை போல ஒன்றின் கண்ணாடி பிம்பமாக மற்றொன்று இருக்கும் இரண்டு மூலக்கூறுகளின் சரிபாதிக் கலவை. ஒன்று 4, 5 மணி நேரத்தில் பாதியாகிவிடும். மற்றொன்றுக்கு 15 மணி நேரம் ஆகும். நெடுநேரம் நிற்கும் அந்த ஒன்றை மட்டும் பிரித்தெடுத்ததுதான் ஆர்மோடாஃபினில். அமெரிக்காவில் 2007-இல் வந்தது.

ஷிப்டுக்கு மோடாஃபினில் வழக்கமான அளவு 200 மி.கி., ஆர்மோடாஃபினில் 150 மி.கி. "நூத்தம்பதுதானே, இருநூறை விடக் கம்மிதானேண்ணா" என்று கேட்பார்கள். கம்மி இல்லை. 200 மோடாஃபினிலில் நீண்டு நிற்கும் பங்கு 100 மி.கி. மட்டும். 150 ஆர்மோடாஃபினில் முழுக்கவே அந்தப் பங்கு. அதனால் விடியற்காலை மூன்று, நான்கு மணிக்கு, எல்லோரும் சாயும் நேரத்தில், ஆர்மோடாஃபினில் கூடுதலாகத் தாங்கும். அதே காரணத்தால் காலையில் படுக்கும்போது நீண்டு நிற்கும் பங்கு ஒன்றரை மடங்கு மிச்சமிருக்கும்.

ஆக, எது உசத்தி என்று கேட்பதைவிட, ஷிப்ட் முடிந்து எப்போது படுக்கிறீர்கள் என்று கேட்டுக்கொள்வது சரி. ராத்திரி இரண்டு மணிக்கே முடியும் ஷிப்டுக்கு ஆர்மோடாஃபினில் தேவைக்கு மேலானது. பகலில் தூங்கி விழும் நார்கோலெப்ஸி நோயாளி காலை ஏழு மணிக்குப் போட்டு மாலை வரை தாக்குப்பிடிக்க அது நல்ல மருந்து. தலைவலி, தோல் தடிப்பு, கருத்தடை எச்சரிக்கை எல்லாம் இரண்டுக்கும் ஒன்றே.

## காரணத்தைத் தேடுவது

போன வருடம் மே மாதத்தில் ஒரு ஷூ கம்பெனி ஊழியர் மனைவியோடு வந்தார். முப்பத்தைந்து வயதுக்குமேல் இருக்கும், தடித்த கழுத்து. அவர் மாத்திரை கேட்டார், பதில் மனைவியிடமிருந்து வந்தது. "படுத்தா ஒரே குறட்டைங்க. நடுவுல மூச்சே நின்னு போவுது. நான் ஒலுக்கி எழுப்பறேன்." லீவு நாளில் பத்து மணி நேரம் தூங்கினாலும் எழும்போது அசதி என்றார். அவருக்கு வந்தது நைட் ஷிப்ட் தூக்கம் மட்டும் இல்லை. தூங்கும்போது தொண்டை அடைபட்டு, மூச்சுக்காக மூளை திரும்பத் திரும்ப எழுப்பிவிடுகிறது. இவருக்கு விழிப்பு மாத்திரை மட்டும் கொடுத்தால் விழித்திருப்பார். மூச்சு அடைபடுவது அப்படியே இருக்கும், பி.பி.யும் இதயமும் அதற்கு விலை கொடுக்கும்.

ஸ்லீப் டெஸ்ட் என்பது ஒரு ராத்திரி உடம்பில் ஒயர்களை ஒட்டிக்கொண்டு தூங்குவது. மணிக்கு எத்தனை முறை மூச்சு தடைபடுகிறது என்று எண்ணுவார்கள். ஐந்துக்குக் கீழ் பாதகமில்லை, 30-க்குமேல் கடுமையானது. அதற்கான முதல் சிகிச்சை சிபேப் மெஷின், மூக்கில் மாஸ்க் வைத்துக் காற்றழுத்தத்தால் தொண்டையைத் திறந்து வைப்பது. 1981-இல் ஆஸ்திரேலியாவில் பிறந்த முறை. டெஸ்டுக்கும் மெஷினுக்கும் கையிலிருந்து பணம் கட்ட வேண்டியிருக்கும், மாஸ்க் பழகச் சில வாரம் போகும். செலவு தொடக்கத்திலேயே கண்ணுக்குத் தெரிந்துவிடுவதால் பலர் பயந்து மாத்திரைப் பக்கம் திரும்புகிறார்கள்.

தைராய்டு, ஹீமோகுளோபின், சுகர் மூன்றையும் பார்த்துவிடுங்கள். அலர்ஜி மாத்திரை, மன அழுத்த மாத்திரை எதுவும் தூக்கம் கொண்டுவருகிறதா என்றும் கேளுங்கள். சளிக்கு வாங்கிய மாத்திரையால் தூங்கி விழுந்துவிட்டு விழிப்பு மாத்திரை தேடி வந்தவர்களும் உண்டு.

எப்வொர்த் கேள்வித்தாள் என்று ஒன்று இருக்கிறது. படிக்கும்போது, டி.வி. பார்க்கும்போது, ஒரு மணி நேரம் வண்டியில் உட்கார்ந்து போகும்போது, சிக்னலில் நிற்கும்போது என எட்டு நிலைகளில் தூங்கிவிட எவ்வளவு வாய்ப்பு என்று 0 முதல் 3 வரை மதிப்பெண். மொத்தம் 24. பத்தைத் தாண்டினால் டாக்டரைப் பார்க்க வேண்டும்.

## ஒரே பார்வையில்

| | டீ, காபி | குட்டித்தூக்கம் | மோடாஃபினில் | ஆர்மோடாஃபினில் |
|---|---|---|---|---|
| வேலை தொடங்க | 15–45 நிமிடம் | எழுந்து சில நிமிடத்தில் | உச்சத்துக்கு 2–4 மணி | வெறும் வயிற்றில் சுமார் 2 மணி, சாப்பாட்டுக்குப் பின் இன்னும் தாமதம் |
| பாதி குறைய | சுமார் 5 மணி | பொருந்தாது | 12–15 மணி | சுமார் 15 மணி |
| காலைத் தூக்கத்துக்கு | ஒரு மணிக்குமேல் குடித்தால் கெடுக்கும் | கெடுக்காது | கெடுக்கலாம் | கூடுதலாகக் கெடுக்கலாம் |
| மறைவான செலவு | சர்க்கரை, இரும்புச் சத்து, அசிடிட்டி | இடம், வீட்டாரின் ஒத்துழைப்பு | கருத்தடை, பிற மருந்துகள், பி.பி. | அதேதான் |
| டாக்டர் சீட்டு | வேண்டாம் | வேண்டாம் | கட்டாயம் | கட்டாயம் |

## யாருக்கு எதைச் சொல்வேன்

மாதத்தில் ஒரு வாரம் நைட் வருகிறவர்: மாலைத் தூக்கம், ஒரு மணிக்குள் இரண்டு டீ. மாத்திரை வேண்டாம்.

வருடக் கணக்காக நைட், காலைத் தூக்கத்தைச் சரிசெய்தும் வேலையில் சாய்கிறவர்: முதலில் டெஸ்ட். அதில் ஒன்றும் இல்லை, ஷிப்டை மாற்றவும் வழியில்லை என்றால், மாத்திரை பற்றி டாக்டரிடம் பேச இவருக்கு நியாயம் இருக்கிறது. ஷிப்ட் மாற்றக் கேட்டு டாக்டர் சான்றிதழ் கொடுக்க முடியுமா என்றும் அதே மூச்சில் கேளுங்கள்.

டிரைவர்: குட்டித்தூக்கம். மருந்து போட்டு இன்னும் நூறு கிலோமீட்டர் ஓட்டலாம் என்ற கணக்குக்கு நான் எந்தச் சூழ்நிலையிலும் துணைபோகமாட்டேன்.

நீட், டி.என்.பி.எஸ்.சி. படிக்கும் பிள்ளைகள்: கூடாது. தூங்காதவர்களுக்கு மோடாஃபினில் கொடுத்து 1997-இல் வெளியான கனடா ஆய்வில், உண்மையில் செய்ததைவிட நன்றாகச் செய்கிறோம் என்று அவர்கள் நம்பியது தெரிந்தது. படித்தது மனதில் படிவதே தூக்கத்தில்தான். விளையாட்டு வீரர்கள் தனியாகக் கவனியுங்கள், போட்டிகளில் இது 2004 முதல் தடை செய்யப்பட்ட மருந்து.

இதய வால்வுக் கோளாறு, இதயச் சுவர் தடிப்பு, கட்டுப்படாத பி.பி., முன்பு மனநோய்க்குச் சிகிச்சை, கடுமையான கல்லீரல் நோய்: வாயைத் திறந்து டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். சிலருக்குக் கூடவே கூடாது, சிலருக்குப் பாதி அளவு.

## சீட்டு கையில் வந்துவிட்டால்

ஷிப்டுக்கு ஒரு மணி நேரம் முன்பு, ஒரே வேளை. மறந்துபோய் நள்ளிரவு இரண்டு மணிக்கு நினைவு வந்தால் அன்றைக்கு விட்டுவிடுங்கள். போட்ட ராத்திரிகளில் டீயைப் பாதியாகக் குறையுங்கள், சாராயம் வேண்டவே வேண்டாம். முதல் மாத்திரையை வேலை நாளில் போடாமல் லீவு நாளில் போட்டுப் பாருங்கள், உடம்பு எப்படி எடுத்துக்கொள்கிறது என்று தெரியும். தொடங்கும் முன் பி.பி. பார்த்து எழுதிவையுங்கள், பிறகு வாரம் ஒருமுறை. ஒரு நோட்டில் மூன்று பத்தி போடுங்கள்: மாத்திரை போட்ட நேரம், காலையில் தூங்கிய மணி, தலைவலி இருந்ததா. ஒரு மாதம் கழித்து டாக்டர் முன்னால் அந்த நோட்டைத் திறந்தால், தொடர்வதா நிறுத்துவதா என்பதை அவர் ஐந்து நிமிடத்தில் சொல்லிவிடுவார். லீவு நாளில் போட வேண்டியதில்லையா என்பதையும் அவரிடமே கேளுங்கள். அட்டையில் மிச்சமானதைக் கூட வேலை செய்கிறவருக்குக் கொடுக்காதீர்கள்.

அந்த ஷூ கம்பெனிக்காரர் கடைக்கு இப்போதும் வருகிறார். மெஷினின் தண்ணீர்த் தொட்டிக்கு டிஸ்டில்டு வாட்டர் வாங்க. நைட் ஷிப்ட் மாறவில்லை, பதினொரு மணிக்கு ஒரு டீ குடிப்பதாகச் சொன்னார். போன வாரம் மனைவியும் கூட வந்திருந்தார். மாஸ்க் பட்டையால் கன்னத்தில் தழும்பு விழுகிறது, அதற்கு ஏதாவது களிம்பு கீதா என்று கேட்டார்.